மோதினாரின் தொண்டை

இந்தக் காலத்தில் ஒருவன் நிம்மதியாகத் தும்மக்கூட முடியாது. தும்மினால் நாலு பக்கத்திலிருந்தும் மருந்து வந்துவிடுகிறது. முன்பெல்லாம் தடுமன் பிடித்தவனைக் கண்டால் ஆட்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள், அதோடு சரி. அவன் மூக்கைச் சிந்திக்கொண்டு தன் பாட்டுக்குக் கிடப்பான்; ஒருநாள் எழுந்து வேலைக்குப் போவான். இப்போது ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு போன், ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு வைத்தியன். மருந்து சொல்லாமல் யாருக்கும் இருப்புக் கொள்வதில்லை. சொல்வதோடு விட்டாலாவது பரவாயில்லை. குடித்தாயா, எப்படி இருக்கிறது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டு, வாயைத் திறந்து பதில் சொல்லவும் வைப்பார்கள்.

இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு மைதீன் கனி பள்ளிவாசல் நடையில் உட்கார்ந்திருந்தார். நினைக்கத்தான் முடிந்தது. எச்சில் விழுங்கினால் தொண்டைக்குள் மணல் உராய்ந்தது.

இரணியல் ஸ்டேஷனுக்குத் தெற்கே, தென்னையும் வாழையுமாக இறங்கும் சரிவில் இருக்கிறது தோப்புப் பள்ளி. சின்ன ஜமாஅத். அங்கே மைதீன் கனிதான் மோதினார். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வது, தொழ வருகிறவர்கள் கை கால் கழுவி ஒளு எடுக்கும் ஹவுள் தொட்டியில் தண்ணீர் நிறைப்பது, பாய் விரிப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. மனைவி மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகள் ஆரல்வாய்மொழியில் இருக்கிறாள். மருமகனுக்குக் கரண்டு எடுக்கும் காற்றாடிக் கம்பெனியில் காவல் வேலை. வாருங்கள், வந்து எங்களோடு இருங்கள் என்றுதான் இரண்டு பேரும் கூப்பிடுகிறார்கள். ஒரு தடவை போய்த் தங்கியும் பார்த்தார். அங்கே அடிக்கிற காற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். இவர் இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது மருமகன் பார்க்காத மாதிரி பார்ப்பதைப் பொறுக்க முடியவில்லை. மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

பள்ளியை ஒட்டிய சின்ன அறைதான் அவருக்கு வீடு. அறை பாங்கோடு சேர்ந்தது. பாங்கு போனால் அறையும் போகும்.

சோறு ஜமாஅத்து வீடுகளிலிருந்து முறைவைத்து வரும். இன்று இந்த வீடு என்றால் நாளை அடுத்த வீடு. கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முறைச்சோறு தின்பவனுக்கு நாக்கு இருக்கக்கூடாது. எந்த வீட்டுக் கறியையும் குறை சொல்லக்கூடாது. ஒரு வீட்டுக் கறியை இன்னொரு வீட்டாரிடம் புகழவும் கூடாது. ஒருமுறை ஜமீலா பீவி வீட்டுச் சாளைமீன் கறியைப் பற்றி இன்னொரு முறைவீட்டு ரைஹானத்திடம் நல்ல வார்த்தை சொல்லித் தொலைத்தார். அடுத்த முறை ரைஹானத் வீட்டுத் தூக்குவாளியைத் திறந்தால் பருப்பும் அப்பளமும் மட்டும் இருந்தன. ஏன் என்று அவருக்குத் தெரியும்.

ஐப்பசி மழை பிடித்திருந்த வாரம் அது. ஹவுளில் விழுந்திருந்த இலைகளை நனைந்துகொண்டே வாரியதில் தடுமன் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும்போது பாதியில் குரல் கரகரத்து, கடைசியில் ஒரு இருமலும் மைக்கில் போய்விட்டது. தொழுகை முடிந்ததும் ஜமாஅத்துச் செயலாளர் ஜக்கரியா அருகில் வந்தார்.

"என்ன மோதினாரே, மைக்கு கேடாயிட்டா?"

"மைக்குக்கு ஒண்ணும் இல்ல. தொண்ட."

"நான் மைக்குன்னுல்லா நெனச்சேன். மெக்கானிக்குக்குப் போன் போட்டு வரவும் சொல்லியாச்சு." ஜக்கரியா குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கெழம நம்ம பயலுக்க நிக்காஹ் இருக்கு. கோட்டாறுலேருந்து பெண்வீட்டு ஆளுகள் ஜும்மாவுக்கே வந்திருவாங்க. அதுக்குள்ள சரியாவுமா?"

"ஆவும்."

"ஆவல்லன்னா வருத்தப்படாதேங்கோ. பர்வேஸு இருக்கான். ஓதிப் படிச்ச பையன், நல்ல கொரலு. அன்னைக்கு மட்டும் அவன் சொல்லட்டும்."

அன்றைக்கு மட்டும் என்றால் என்ன என்று மைதீன் கனிக்குத் தெரியாதா. இவருக்கு முன்னால் இருந்த மோதினார் காய்ச்சலில் படுத்தபோது, ரெண்டு நாளைக்கு மட்டும் என்று சொல்லித்தான் இவரைக் கூப்பிட்டார்கள். அந்தக் கிழவர் காய்ச்சல் விட்டு எழுந்து வந்தபோது அறையில் இவருடைய பெட்டி இருந்தது.

"எனக்க பாங்க நான் சொல்லுவேன்," என்றார் மைதீன் கனி. சொன்னது ஜக்கரியாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மைதீன் கனி பாய் சுருட்டப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஜமீலா பீவி வீட்டு முறை. வழக்கமாக வாசலில் வாளியை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அன்று சோற்றோடு ஒரு செம்பையும் கொண்டுவந்து பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். மைதீன் கனியைவிடக் கொஞ்சம்தான் இளையவள்; அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவாள். கணவனை இழந்து, பிள்ளைகளைக் கரையேற்றி, இப்போது ஊரில் உள்ள எல்லோருடைய உடம்பையும் கவனிப்பவள்.

"சுக்கு, நல்லமொளவு, திப்பிலி இடிச்சுப் போட்டு, கருப்பட்டி இட்டு வத்த வச்ச கசாயமாக்கும் காக்கா. சூடு ஆறுததுக்கு முந்திக் குடிங்கோ. ஆறினா குணம் போயிரும்."

அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அடுத்த முறைக்கு வரப்போகும் பருப்பும் அப்பளமும் கண்முன் வந்தன. வாங்கிக் குடித்தார். மிளகின் காரம் மண்டை வரைக்கும் ஏறிக் கண்ணில் தண்ணீர் விட்டது.

"தொண்ட தொறந்துச்சா?"

தலையாட்டினார்.

"தலையாட்டினா நான் என்னத்தக் கண்டேன். ஒரு வாக்கு பேசுங்கோ, கேட்டுப் பாக்கட்டும்."

"தொறந்துச்சி."

"கொஞ்சம் சத்தமா."

"தொறந்துச்சி, ஜமீலா."

"எங்க தொறந்துச்சி, அடச்சுல்லா கெடக்கு. சாயங்காலம் இன்னும் கொஞ்சம் கடுப்பமா போட்டுக் கொண்டு வாறேன்." போகப் புறப்பட்டவள் திரும்பினாள். "நாளைக்கு ரைஹானத்துக்க முறைல்லா? அவ எதையாவது கொண்டுவந்தா குடிச்சிராதேங்கோ. போனப் பாத்து மருந்து செய்யுதவ. சுக்குக்கும் இஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு."

அன்று மத்தியானம் லுஹருக்கு வந்தவர்கள், பிற்பகல் அசருக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் தொண்டையைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். ஒருவர் பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னார். ஒருவர் மஞ்சளைத் தீயில் காட்டி அந்தப் புகையை மூக்கால் இழுக்கச் சொன்னார். எல்லோருக்கும் நின்று பதில் சொன்னார். பதில் சொல்லாவிட்டால் மோதினாருக்குப் பவுசு கூடிவிட்டது என்பார்கள். பாங்கு நேரம் வந்தால் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். ஒரு வேளை விட்டாலும் பர்வேஸ் வந்து நின்றுவிடுவான் என்று பயம். ஒவ்வொரு பாங்குக்கும் குரல் ஒரு படி கீழே இறங்கியது.

இரவு ஜக்கரியாவின் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. ராஸ்னாதிப் பொடி. குளித்துவிட்டுத் துவட்டின தலையில், உச்சியில் வைத்துத் தேய்க்க வேண்டியது. தடுமனுக்கு அஞ்சி அவர் மூன்று நாளாகக் குளிக்கவில்லை. ஆனாலும் செயலாளர் வீட்டுப் பொடி, தேய்க்காமல் இருக்க முடியுமா? வறண்ட தலையில் அப்படியே தேய்த்துத் தொப்பியை வைத்துக்கொண்டார். காலையில் பார்த்தால் வெள்ளைத் தொப்பியின் உள்பக்கம் செம்மண்ணாகக் கிடந்தது.

புதன்கிழமை ரைஹானத் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கொஞ்சகாலம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவள். கணவன் இன்னும் அங்கே இருக்கிறான். ஒரு கையில் சோற்று வாளி, ஒரு கையில் பிளாஸ்க். தோளில் தொங்கிய பை நிறைய இலை.

"மாமா, இது இஞ்சியும் துளசியும் கொதிக்க வச்சு தேனும் எலுமிச்சங்காயும் சேத்தது. இது பனிக்கூர்க்க எல, கற்பூரவள்ளின்னும் சொல்லுவாங்க. வெந்நீல போட்டு, போர்வையப் போத்திட்டு ஆவி பிடிக்கணும். நல்லமொளவ மட்டும் தொட்டிராதேங்கோ. உள்ள புண்ணாக்கிரும். இதப் பாருங்கோ, டாக்டரே சொல்லுதாரு."

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதற்குள் கோட் போட்ட ஒருவர் கையை ஆட்டி ஆட்டி வேகமாகப் பேசினார். மைதீன் கனிக்கு அவர் சொன்னதில் ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வேகமாகப் பேசுகிறவன் எதையோ விற்கிறான் என்று மட்டும் பட்டது.

"ஜமீலா மாமி எதாவது கொண்டு தந்தாளா?"

"இல்ல."

"உள்ளதாட்டா சொல்லுதீங்க?"

பள்ளி நடையில் வைத்துக் கேட்கிறாள், மறுபடியும் எப்படிப் பொய் சொல்வது? இவர் இருமினார். இந்த மூன்று நாளில் அந்த இருமல் ஒன்றுதான் வேண்டிய நேரத்தில் வந்தது.

இஞ்சித் தண்ணீரைக் குடித்து முடித்ததும் அவள் போனை மறுபடியும் நீட்டினாள். "எப்படி இருக்குன்னு இதுல ஒரு வாய்ஸ் சொல்லுங்கோ. எங்க மாப்பிளைக்கு அனுப்பணும். அவருக்கும் தடுமனு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க சொன்னா நம்புவாரு."

"நல்லா இருக்கு," என்றார் போனிடம்.

"அய்யோ, நல்லாயில்லன்னு சொல்லுத மாதிரி இருக்கு. இன்னொரு வாட்டி, கொஞ்சம் தெளிவா."

மூன்றாவது தடவைதான் அவளுக்குத் திருப்தியானது. அவள் போனபின் அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தார். வியர்த்தது. மூக்கு கொஞ்சம் திறந்த மாதிரி இருந்தது, பிறகு அடைத்துக்கொண்டது. சாயங்காலம் ஜமீலா பீவியின் கடுப்பமான கசாயம் முந்தின நாள் மாதிரியே வந்தது. அதையும் குடித்தார். இரவு முழுக்க வயிறு எரிந்தது. எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றியது. எந்த மருந்து எந்த மருந்தோடு உள்ளே கிடந்து சண்டை போடுகிறதோ என்று வயிற்றைத் தடவிக்கொண்டே விழித்துக் கிடந்தார். ஒன்றில்கூட அவருக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமலே எல்லாவற்றையும் குடித்தாயிற்று.

வியாழக்கிழமை விடியற்காலை சுபுஹு பாங்கில் குரல் இரண்டாகப் பிளந்தது. பாதி வார்த்தை வந்தது, பாதி காற்றாகப் போனது. தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் யாரும் அன்று மருந்து சொல்லவில்லை. ஒருவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். மருந்து சொல்வதைவிட அது மோசமாக இருந்தது.

ஜங்ஷனில் பகவதியப்பனின் சாயாக்கடை. நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம் இட்ட அய்யாவழி ஆள். மைதீன் கனியின் வயசுதான். இருவருக்கும் இடையே மரியாதை குறைவு, பழக்கம் அதிகம்.

"வாரும் ஓய்," என்றான் பகவதியப்பன். "உம்ம பாங்கு கேட்டுத்தான் நான் டெய்லி அடுப்பு பத்த வைக்கேன். இன்னைக்கு யாரோ சேவலப் பிடிச்சு அறுக்கானுவன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன். கட தொறக்க லேட்டாயிட்டு."

மைதீன் கனி பெஞ்சில் உட்கார்ந்து, சுக்குக் காப்பி என்று கையால் காட்டினார்.

"ஒரு காப்பியும் கெடையாது. இருக்க வீடு பூராத்துக்க மருந்தும் உமக்க வயித்துலதானே கெடக்கு. சூடு வெள்ளம் தாறேன், குடியும்." ஒரு கிளாஸ் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தான். "இதக் குடிச்சிட்டு வாயப் பொத்திட்டுக் கெடயும். ஒரு நாளு. யாருட்டயும் ஒரு அட்சரம் பேசப்படாது. அவ்வளவுதான்."

"பாங்கு?"

"அதயும்தான். தொண்டைல புண்ண வச்சிட்டு ஐஞ்சு நேரமும் கூவினா எந்தக் கசாயம் ஓய் கேக்கும்?"

மைதீன் கனி வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார். பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதும் சந்தேகமும் கூடவே வந்தது. பகவதியப்பன் கடை இருப்பது ஜக்கரியாவின் கட்டடத்தில். மோதினாரை இன்றைக்குப் பாங்கு சொல்லவிடாமல் செய் என்று ஜக்கரியா சொல்லியிருந்தால் இவன் இதைத்தானே சொல்லுவான்? கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன ஓய், முறைக்கேரு? வெந்நீல வெஷமா கலந்து வச்சிருக்கேன்?"

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முதல் வார்த்தையைச் சொல்லிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். அந்தக் காற்றும் இருமலானது.

லுஹருக்குக் கொஞ்சம் முன்னால் பர்வேஸ் வந்தான். ஒல்லியான பையன். மதரஸாவில் ஓதி முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறான். ஜக்கரியாவுக்குத் தூரத்துச் சொந்தம். கல்யாண வேலைக்காக லீவு போட்டு வந்திருந்தான். வாசலிலேயே நின்றான்.

"மாமா, இன்னைக்கு நான் சொல்லுதேன். நாளைக்கு ஜும்மாவுக்கு நீங்க சொல்லுங்கோ."

"யாருலே ஒன்ன அனுப்பினா?" சத்தம் வராததால் மைதீன் கனி உதட்டை அசைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

"யாரும் அனுப்பல்ல."

"ஜக்கரியாவா?"

"இல்ல மாமா. காலைல கேக்கச் சகிக்கல்ல, அதான் வந்தேன்."

உள்ளதைச் சொல்லிவிட்டான். மைதீன் கனிக்கு அது பிடித்திருந்தது; ஆனால் அதற்காக நம்பிவிட முடியுமா? உள்ளதைச் சொல்லி ஆளைக் கவிழ்க்கிறவர்களும் உண்டு. அவனை மேலும் கீழும் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் சாவி இடுப்பு பெல்ட்டில் இருந்தது. குளிக்கும்போதுகூட அதைக் கழற்றி வைத்ததில்லை. இன்றைக்குச் சொன்னால் நாளைக்குக் குரல் இல்லை. இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் பாங்கு திரும்பிவரும் என்பதற்கு யார் ஜாமீன்? இரண்டு பக்கமும் இழப்புதான். ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. சாவியை எடுத்து நீட்டினார். பையன் வாங்கிய பிறகும் அவர் விரல் சாவி வளையத்தில் கொஞ்ச நேரம் மாட்டிக் கிடந்தது.

பிறகு பாயில் படுத்து, கழுத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, பர்வேஸின் பாங்கைக் கேட்டார். நல்ல குரல். சுத்தமான குரல். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே காதைக் கொடுத்தவருக்கு ஓர் இடம் கிடைத்தது: ஒரு நீட்டலை அவசரமாக முடித்துவிட்டான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அசர் வரைக்கும் ஆறுதலாகப் படுத்திருந்தார். அசர் பாங்கில் அந்த இடத்தையும் அவன் சரியாக நீட்டினான்.

சாயங்காலம் ஜமீலா பீவி செம்போடு வந்த நேரத்தில்தான் ரைஹானத்தின் ஸ்கூட்டியும் வந்து நின்றது. பள்ளி கேட்டுக்கு முன்னால் செம்பும் பிளாஸ்க்குமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே நின்ற மைதீன் கனிக்கு ஓடி ஒளிய இடமில்லை.

"என்னட்டி இது, பிளாஸ்க்குல," என்றாள் ஜமீலா.

"மாமாவுக்கு இஞ்சித் தண்ணி. நேத்துலேருந்து இதத்தான் குடிக்காரு."

"நேத்து சாயங்காலம் எனக்க கசாயமாக்கும் குடிச்சது. செம்பக் கவுத்துக் காட்டினாரு."

ரைஹானத் அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, மாமி ஒண்ணும் தரல்லன்னுல்லா சொன்னீங்க?"

"காக்கா, அப்பிடியா சொன்னீங்க? எனக்க கசாயம் குடிக்கல்லன்னா சொன்னீங்க?"

மைதீன் கனி தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வாயில் விரலை வைத்தார். கையை விரித்தார்.

"நேத்து மஸ்கட்டுக்குப் பேசத் தெரிஞ்சுது, இன்னைக்கு எனக்கிட்ட பேசத் தெரியல்ல," என்றாள் ஜமீலா.

"மாமி கொடுத்த மொளவுலதான் கொரலே போச்சு."

"போடி. ஒனக்க தேனு ரேசன்கட சக்கரப்பாவு. இந்த மழைக்கு எலுமிச்சங்காயப் பிழிஞ்சு கொடுத்திருக்கா, புத்தியுள்ளவ செய்வாளா?"

அவர் மெல்லப் பின்வாங்கி அறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டார். வெளியே வெகுநேரம் சத்தம் கேட்டது. தன் பேரும் நடுநடுவே அடிபட்டது. இரண்டு வீட்டு மீனும் இனிமேல் இல்லை என்று நினைத்துக்கொண்டார். அலுப்பாக இருந்தது. பயம்கூட ஓர் அளவுக்கு மேல் போனால் அலுப்பாகிவிடுகிறது. அன்றைய முறைவீட்டிலிருந்து வந்த கஞ்சியையும் பயற்றையும் தின்றுவிட்டு, பகவதியப்பன் கொடுத்தனுப்பிய வெந்நீரைக் குடித்துவிட்டுத் தூங்கினார். அந்த வாரத்தில் முதல் தடவையாக நல்ல தூக்கம்.

வெள்ளிக்கிழமை காலையிலும் அவர் வாயைத் திறக்கவில்லை; சுபுஹு பாங்கையும் பர்வேஸே சொன்னான். குரல் வந்திருக்கிறதா என்று சோதிக்கவே பயமாக இருந்தது. இருந்தால் ஜும்மாவுக்கு இருக்கட்டும். இல்லாவிட்டால் அப்போது தெரிந்துகொள்ளலாம். குளித்து, தோய்த்த தொப்பியை வைத்துக்கொண்டு பள்ளிக்குள் போய் மைக்குப் பக்கத்தில் நின்றார். கோட்டாறு ஆட்கள் வேன்களில் வந்து இறங்கினார்கள். அத்தர் மணம் உள்ளே வந்தது. பர்வேஸைக் காணோம். வெளியே வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் வேலையில் இருப்பதாக ஒருவர் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தார். எதிர்பார்த்ததுதான். கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து, நேரமாயிட்டு மாமா, நானே சொல்லிடுதேன் என்பான். சபையில் வைத்து என்ன செய்ய முடியும்? மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லவேண்டியதுதான். பெட்டி ஒன்று, பாய் ஒன்று. பஸ்ஸில் கொண்டுபோய்விடலாம்.

பர்வேஸ் ஓடித்தான் வந்தான். புதுச் சட்டை முதுகில் வியர்த்து ஒட்டியிருந்தது. சாவியை அவர் கையில் வைத்தான். "நேரமாயிட்டு மாமா. சொல்லுங்கோ."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று படிக்க நேரமில்லை. பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டு, காதில் கைகளை வைத்தார்.

குரல் வந்தது. தடித்த, ஈரமான குரல். வழக்கமாக எடுக்கும் இடத்துக்கும் ஒரு படி கீழே பிடித்துக்கொண்டார். தொழுகைக்கு அழைக்கும் இடத்தில் உயரே ஏறவேண்டும். ஏறியபோது ஒரு கீறல் விழுந்தது. இறக்கி, நிதானமாக, மூச்சைச் சேமித்துச் சேமித்துக் கடைசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். காதிலிருந்து கைகளை எடுத்தார். திரும்பிப் பார்த்தார். யாரும் ஒன்றும் கவனித்த மாதிரி இல்லை. கோட்டாறு ஆட்களில் ஒருவர் செருப்பை எங்கே வைத்தோம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வாரம் முழுக்க இவர் செத்துப் பிழைத்தது அவர்களுக்கு எப்போதும் போல ஒரு பாங்குதான்.

நிக்காஹ் முடிந்து ஜக்கரியா வீட்டுப் பந்தலில் சாப்பாடு. மைதீன் கனி சமையல்கட்டுப் பக்கமாக ஓரத்தில் உட்கார்ந்து பிரியாணியை மென்றார். தொண்டை வலி இன்னும் மிச்சம் இருந்தது. ஜக்கரியா சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாத்தியளா மோதினாரே, நம்ம வீட்டு ராஸ்னாதிப் பொடி. ஒரே தேய்ப்பு. கொரலு கிண்ணுன்னு வந்திட்டு."

"பொடியா?" சமையல்கட்டு வாசலில் நின்ற ஜமீலா பீவி முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "எனக்க கசாயம் நெஞ்சுச் சளியக் கரச்சு விட்டது ஒங்களுக்குத் தெரியுமா?"

அவளுக்குப் பின்னாலிருந்து ரைஹானத்தின் குரல் வந்தது. "ஆவி பிடிச்சதுலதான் சரியாச்சு. மஸ்கட்டுல எங்க மாப்பிளைக்கும் அதுலதான் கொறஞ்சுது. மாமாவே சொல்லட்டும்."

இலைகளுக்கு முன்னால் இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுலயும் இல்ல," என்றார் மைதீன் கனி. "வாய மூடிட்டுக் கெடந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜக்கரியாதான் அதிகமாகச் சிரித்தார். "வாய மூடினா தடுமன் போவுமா? நல்ல கதையா இருக்கு. ஏதோ ஒண்ணு கேட்டிருக்கு, யாருக்கும் மனசு நோவக்கூடாதுன்னு சொல்ல மாட்டேங்காரு." பிறகு பக்கத்தில் குனிந்தார். "ஒரு காரியம் கேட்டியளா. இனிமே ஒங்களுக்கு முடியாத நாள்ல பர்வேஸு சொல்லட்டும். ஊருக்கு வந்து நிக்க நாளுல அவன் சம்மதிச்சிருக்கான். மத்தபடி எல்லாம் நீங்கதான். அறையும் ஒங்களுக்குத்தான். ஒரு மாத்தமும் இல்ல."

"முடியாத நாளுன்னு யாரு சொல்லுவா? நீங்களா, நானா?"

"இது என்ன கேள்வி. நீங்கதான் சொல்லணும்."

தால்ச்சா வாளியோடு அந்தப் பக்கம் வந்த பர்வேஸ் நின்றான். "மாமா, நீங்க விளிச்சாத்தான் நான் வருவேன். இல்லன்னா மைக்குப் பக்கத்துலயே வரமாட்டேன்."

மைதீன் கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜக்கரியாவின் முகத்தில் கல்யாண வீட்டுச் சந்தோஷம். பையனின் முகத்தில் வியர்வை. வேறு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத முகம்தான் அவரை அதிகமாக யோசிக்கவைத்தது. இன்றைக்கு நல்லவன்தான். மறுபடியும் மழை வரும், மறுபடியும் தடுமன் வரும், இவர் வயசு குறையப்போவதில்லை.

இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவி வந்தவரை ரைஹானத் வாசலில் மறித்தாள். இருமல் இன்னும் மிச்சம் இருப்பது அவள் காதில் விழுந்திருந்தது. போனில் புதிதாக ஒன்று வந்திருப்பதாகவும், வெங்காயத்தைக் கருப்பட்டியில் ஊறவைத்தால் போதும் என்றும் சொன்னாள். ஜமீலா பீவி அதற்குள்ளே ஏதோ பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

அவர் இருவருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு, சேறான ஒழுங்கையில் வாழைகளுக்கு நடுவே பள்ளியைப் பார்த்து நடந்தார். பின்னால் யாரோ மோதினாரே என்று கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. அசருக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. இருந்தாலும் முன்னாலேயே போய் மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது நல்லது என்று பட்டது.